வைரத்தை வைத்தால் கதை நிற்குமா?

அரிய புத்தகங்களைச் சுற்றிப் பின்னிய துப்பறியும் நாவல்களுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். புத்தகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வைரத்தை வைத்துப் பார்ப்பேன். கதை அப்படியே ஓடினால் புத்தகம் வெறும் அலங்காரம்.

கடுமையான சோதனைதான். ஆனால் நிஜத்தில் நடந்த துப்பறிதலே அதற்கு அளவுகோல் தந்துவிட்டது. 1847இல் அச்சானதாகச் சொல்லப்பட்ட எலிசபெத் பிரௌனிங்கின் கவிதைப் பிரசுரம் போலி என்று புத்தக வியாபாரிகளான ஜான் கார்ட்டரும் கிரஹாம் பொல்லார்டும் 1934இல் காட்டினார்கள். காட்டிக்கொடுத்தது காகிதம். அதில் இருந்த ரசாயன மரக்கூழ் அந்தக் காலத்துக் காகிதத்தில் இருக்கவே வழியில்லை. போலியின் பின்னால் இருந்தவர் இங்கிலாந்தின் மதிப்புக்குரிய சேகரிப்பாளர் தாமஸ் வைஸ். அவர்தான் செய்தார் என்று வெளிப்படையாக எழுதாமலே, வாசிப்பவருக்குப் புரியவைத்தார்கள். எந்த வைரமும் இப்படிச் சாட்சி சொல்லாது.

ஜான் டன்னிங்கின் 'புக்ட் டு டை' (1992) இந்தச் சோதனையில் தடுமாறுகிறது. டென்வரில் பழைய புத்தகக் கடை நடத்தியவர் டன்னிங். அது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. கொலையாகிறவன், கண்ட இடத்தில் குப்பையாகக் கிடப்பதைக் கிளறி முதல் பதிப்புகளைப் பொறுக்கிக் கடைக்காரர்களிடம் விற்றுப் பிழைப்பவன். அந்தப் பிழைப்பைப் பற்றிய பகுதிகளுக்காகவே இரண்டு தடவை படித்தேன். முடிச்சு அவிழும்போதோ எஞ்சுவது பணத்தாசைதான். வைரத்தை வைத்தாலும் முக்கால்வாசிக் கதை அப்படியே ஓடும்.

ஸ்பானிய எழுத்தாளர் அர்த்துரோ பெரஸ் ரெவெர்த்தேயின் 'தி கிளப் டூமா' (1993) வேறு ரகம். 1666இல் வெனிஸில் அச்சானதாகக் கற்பனை செய்யப்பட்ட, சாத்தானை அழைக்கும், ஒன்பது படங்கள் கொண்ட நூல் ஒன்று. எஞ்சியவை மூன்று பிரதிகள். அரிய நூல்களைத் தேடித் தரும் கோர்சோ அவற்றின் படங்களை ஒப்பிடுகிறான். ஒன்றில் கோட்டைக்கு மூன்று கோபுரம், இன்னொன்றில் நான்கு. ஒரு கிழவனின் சாவி ஒரு பிரதியில் வலக்கையில், மற்றதில் இடக்கையில். படங்களை நாவலிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நானும் விரலை இடுக்கிவைத்து முன்னும் பின்னும் புரட்டிச் சரிபார்த்தேன். வாசகனையே துப்பறிய வைத்துவிடுகிறார்.

குறையும் பெரிதுதான். டூமாவின் 'மூன்று மஸ்கட்டியர்' நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தொடரும் இன்னொரு கதையும் இதில் ஓடுகிறது; அதற்கும் சாத்தான் நூலுக்கும் சம்பந்தமே இல்லை. தொடர்பு எல்லாம் கோர்சோவின் கற்பனை. எதையும் எதனோடும் முடிச்சுப் போடும் வாசகனைக் கேலி செய்கிறார் என்பார்கள். கேலிக்கு இத்தனை பக்கமா? இயக்குநர் ரோமன் போலான்ஸ்கி 1999இல் படமாக்கியபோது அந்தப் பாதியை வெட்டி எறிந்தார். மிச்சக் கதை தள்ளாடாமல் நின்றது.

ஆனாலும் என் ஓட்டு இதற்கே. முடிவைச் சொல்லிவிடுகிறேன், படிக்காதவர்கள் மன்னிக்கவும்: ஒன்பது படங்களையும் சேர்த்துச் சடங்கு செய்கிறவன் தோற்கிறான். சாத்தான் கைவிட்டதால் அல்ல. ஒரு படம், பழைய நூல்களைச் செப்பனிடும் இரண்டு சகோதரர்கள் தங்கள் பட்டறையில் செய்து ஒட்டிய போலி.