குடித்தவன் எழுதியது

தமிழில் கள்ளைப் பற்றி எழுதியவர்கள் குடித்தவர்கள், அல்லது குடிக்காதே என்று சொன்னவர்கள். இறக்கியவன் எழுதவில்லை. அவனைப் பற்றி எழுதியவர்களும் பெரும்பாலும் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள்தான். சமீபத்தில் சேர்ந்தாற்போல் படிக்க நேர்ந்த கவிதைகளில் போதை, நுரை, கோப்பை என்று மாறிமாறி வந்துகொண்டிருந்தது. அந்தச் சலிப்பில் எழுதுகிறேன்.

கோப்பை எங்கிருந்து வந்தது? எங்கள் கடையநல்லூர்ப் பக்கம் பதநீரானாலும் கள்ளானாலும் பனையோலைப் பட்டையில் குடித்தார்கள். கோப்பை பாரசீகத்திலிருந்து ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம் வழியாகக் கவிமணியிடம் வந்து சேர்ந்தது. பனைகளுக்குப் பெயர்போன குமரிப் பக்கத்துக்காரர் உமர் கய்யாமின் கோப்பையைத் தமிழில் நிரப்பினார். அழகாகத்தான் நிரப்பினார். பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் கோப்பை மட்டும் மிஞ்சிவிட்டது.

பழைய இலக்கியம் இந்த விஷயத்தில் இவ்வளவு சோம்பேறியாக இருக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் என்ன கிடைக்கும் என்று பாணனுக்குச் சொல்கிற இடத்தில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் அரிசிக் கள் உண்டாகிற முறையையே சொல்லிவிடுகிறார். கொழியல் அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, நெல்முளையை இடித்த அடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளைவிட்ட தானியம் மாவுச் சத்தைச் சர்க்கரையாக்கும், சர்க்கரை புளிக்கும். ஐரோப்பியன் முளைகட்டிய பார்லியைக் கொண்டு பீர் காய்ச்சுவதும் இதே சூட்சுமத்தில்தான். அந்த அடையின் மேற்புறத்துக்குக் கவிஞர் சொல்லும் உவமை புற்றாஞ்சோறு. கையில் எடுத்துப் பார்க்காதவனுக்கு இந்த உவமை வராது. இத்தனைக்கும் இது விருந்துச் சாப்பாட்டுப் பட்டியலில் வருகிற ஒரு ஐட்டம்; தொழிலைப் பாட வேண்டும் என்ற உத்தேசமே அவருக்கு இல்லை.

குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம், 93வது. பத்துக் குறளிலும் குடிப்பவன் இருக்கிறான், அவனுடைய தாய் இருக்கிறாள், சான்றோர் இருக்கிறார்கள். கள் தானாக வந்திருக்கிறது. காமத்துப்பாலில் அதே கள் உவமையாகிவிடுகிறது. நீதி, உவமை: இந்த இரண்டுக்கு நடுவில்தான் நம் கவிதை இன்றுவரை போய்வந்துகொண்டிருக்கிறது.

இறக்கியவனைக் கவனித்தது அரசாங்கம்தான். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு 849ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பள்ளிக்கு ஒப்படைக்கப்பட்ட ஈழவர் குடிகளுக்கு நீக்கிக் கொடுத்த வரிகளில் தளைக்காணம், ஏணிக்காணம் என்று இரண்டு வருகின்றன. காலில் மாட்டும் தளைக்கு ஒரு காணம், சாத்துகிற ஏணிக்கு ஒரு காணம். சோழர் செப்பேடுகளில், பிராமணர்க்குத் தானம் செய்த ஊர்களில் ஈழவர் தெங்கும் பனையும் ஏறக்கூடாது என்று நிபந்தனை. வரி வாங்கியவனுக்கும் தடுத்தவனுக்கும் தளை தெரிந்திருக்கிறது. பாட்டெழுதியவனுக்குத்தான் அது தேவைப்படவில்லை.

தெரிய வேண்டியது என்ன என்று கேட்கலாம். வடலியில் ஏறிப் பழகுகிற பையன் முதலில் கற்பது ஏறுவதை அல்ல, இறங்குவதை. தளைநார் காலுக்கு, மரத்தில் சாத்த முருக்குத்தடி, இடுப்பில் அருவாப்பெட்டி. இவையெல்லாம் ஒரு பருவத்தில் பழகிவிடும். பாளை பழகாது. கடிப்பு வைத்துப் பாளையை நெரிக்கும்போது எவ்வளவு இறுக்கினால் போதும் என்பது விரலுக்குத்தான் தெரியும். அதிகமானால் பாளை வாடிவிடும், குறைந்தால் சுரக்காது. ஆண் பனைக்கு ஒரு கைப்பக்குவம், பெண் பனைக்கு வேறு. தினமும் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். கனமாகச் சீவுகிறவன் ஒரு பருவத்துப் பாளையைப் பாதியிலேயே தீர்த்துவிடுவான். காலையும் மாலையும், முப்பது நாற்பது மரம்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) இந்த இடத்தில் முக்கியமான நாவல். தங்கராஜ் பனையேறி. ஏறுகிறவனுக்கும் ஏறாதவனுக்கும் நடுவில், ஒரே சமூகத்துக்குள்ளேயே எவ்வளவு தூரம் என்பதைத் தமிழில் அவ்வளவு நிதானமாகச் சொன்ன எழுத்து குறைவு. ஆனால் நாவல் லிஸியின் கண்ணால் பார்க்கிறது. அவள் வீட்டுக்குள் அடைபட்டவள். தங்கராஜ் மரத்தின் உச்சிக்குப் போனதும் நாவலுக்கு அவன் தெரிவதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஜன்னல் எவ்வளவு காட்டுமோ அவ்வளவைக் காட்டுவதாக நாவல் நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. ஜன்னலே இல்லாமல் போதையை எழுதுகிறவர்களிடம் அந்த நேர்மை இல்லை.

இலக்கியம் தொழிற்கையேடு அல்ல என்று நண்பர்கள் சொல்வார்கள். சரி. தகவல்களை அடுக்கி நாவல் என்று பெயர் வைக்கிற கொடுமையை நானும் அனுபவித்திருக்கிறேன். நான் கேட்பது தகவலை அல்ல. விரலுக்குத் தெரிந்தது மொழிக்குத் தெரியாமலேயே போவதைப் பற்றிப் பேசுகிறேன். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி போட்டபோது நாம் அதை ஊர்ப்பேச்சின் ருசிக்காகப் புரட்டினோம். ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு காரியம் இருக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் கொஞ்சம்.

காரியம் போய்க்கொண்டிருக்கிறது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பதநீருக்கும் கள்ளுக்கும் வித்தியாசம் கலயத்துக்குள் தடவிய சுண்ணாம்பு மட்டும்தான். அது இருந்தால் ஊறல் புளிக்காது, ஏறியவன் தொழிலாளி. இல்லாவிட்டால் அதே மரம், அதே பாளை, அவன் குற்றவாளி. இங்கிருந்து செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போய்விட்டால் கள்ளுக்கடை பலகை மாட்டியிருக்கிறது. அங்கே கள்ளுத் தொழிலாளிக்கு 1969லேயே சேமநிதிச் சட்டம் வந்தாயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் பாளை சீவக் கற்றுக்கொண்டு சங்கத்தில் பெயர் பதிந்துகொள்ளலாம். இந்தப் பக்கம் சுண்ணாம்போடு மட்டும் கற்றுக்கொள்ளலாம்; கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு வயதாகிவிட்டது.

அந்தச் சுண்ணாம்பைப் பற்றி ஒரு கவிதை வந்தால் இந்தப் பத்திரிகையின் பக்கங்களை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன், இந்தக் கட்டுரையின் இடத்தையும் சேர்த்து.