கோப்பும் பிழைக்கும், கணக்கும் பிழைக்கும்

பைதானில் எக்ஸெல் கோப்பைத் தொட வேண்டியிருந்தால் பெரும்பாலானோர் முதலில் நிறுவுவது ஓபன்பைஎக்ஸ்எல் நூலகத்தைத்தான். 2010இல் எரிக் கசோனி தொடங்கியது. பிஎச்பி மொழிக்கு ஏற்கெனவே இருந்த பிஎச்பிஎக்ஸெல்லை அடியொற்றி எழுதப்பட்டது. பிறகு சார்லி கிளார்க் முன்னின்று வளர்த்தார். எம்ஐடி உரிமம், காசு கிடையாது. 2020 டிசம்பரில் எக்ஸ்எல்ஆர்டி என்ற பழைய நூலகம் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புகளைப் படிப்பதையே கைவிட்டபோது, எக்ஸெலைப் படிக்க அதை நம்பியிருந்த பாண்டாஸ் நூலகத்தைப் பயன்படுத்தியவர்களும் விரும்பியோ விரும்பாமலோ இதனிடம் வந்து சேர்ந்தார்கள். இவ்வளவு பேர் நம்பியிருக்கும் ஒன்றை 'நல்ல நூலகம்' என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போக முடியாது. செல்லில் எழுதுவதிலும் நிறம் பூசுவதிலும் எனக்குக் குறையில்லை. ஷீட்டைச் சேர்ப்பது, பெயர் மாற்றுவது, நகலெடுப்பது, நடுவே வரிசை நுழைப்பது ஆகியவற்றில் இதை எந்த அளவுக்கு நம்பலாம்?

வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்குபவருக்கு இது சுகமான கருவி. ஷீட்டை எந்த இடத்தில் வேண்டுமானாலும் உருவாக்கலாம், பெயர் சொல்லி அழைக்கலாம், தாவலுக்கு வண்ணம் தரலாம், மேல் வரிசையை நகராமல் நிறுத்தலாம். எக்ஸெல் திரையில் வலது சொடுக்கினால் வரும் 'மறை' போதாதென்றால், அந்தத் திரையிலிருந்து மீட்கவே முடியாத 'மிக மறைவு' நிலையிலும் ஷீட்டை வைக்கலாம். விஷுவல் பேசிக் எடிட்டருக்குள் போனால்தான் அது வெளியே வரும். (இதை ரகசியம் என்று நினைத்துச் சம்பள விவரத்தை உள்ளே வைப்பவர்கள் கவனிக்க: இதே நூலகம் ஒரே வரியில் அதைப் படித்துவிடும். ஷீட் பாதுகாப்புக் கடவுச்சொல்லையும் அது பொருட்படுத்தாது.)

சிக்கல், ஏற்கெனவே உயிரோடிருக்கும் வொர்க்புக்கைத் தொடும்போது தொடங்குகிறது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பது உள்ளே பல எக்ஸ்எம்எல் கோப்புகள் அடங்கிய ஒரு ஜிப் பொதி. ஒவ்வொரு ஷீட்டும் அதில் தனிக்கோப்பு. ஃபார்முலா என்பது செல்லுக்குள் எழுதப்பட்ட வெறும் எழுத்துச் சரம். 'மார்ச்' ஷீட்டின் பி10ஐ 'தொகுப்பு' ஷீட் எடுத்துக்கொள்கிறது என்ற உறவு கோப்பில் வேறெங்கும் பதிவாகவில்லை; அந்தச் சரத்தைப் படித்துப் புரிந்துகொள்கிறவருக்குத்தான் தெரியும். எக்ஸெல் படித்துப் புரிந்துகொள்கிறது. ஓபன்பைஎக்ஸ்எல் படிப்பதோடு சரி.

'மார்ச்' என்ற பெயரை 'மார்ச் 2024' என்று மாற்றிப் பாருங்கள். எக்ஸெலில் செய்தால், அதைச் சுட்டும் எல்லா ஃபார்முலாவும் கூடவே மாறும். இங்கே ஷீட்டின் பெயர் மட்டும் மாறும். 'தொகுப்பு' பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். ஷீட்டை நீக்கினாலும் இதே கதை. இவையாவது திறந்ததும் கண்ணில் படக்கூடிய சேதங்கள்.

வரிசை நுழைப்பது அப்படியல்ல. சம்பளப் பட்டியலில் பி2 முதல் பி10 வரை ஒன்பது பேர், பி11இல் கூட்டல். புதிதாகச் சேர்ந்தவருக்காக ஐந்தாம் வரிசையை இன்செர்ட் ரோஸ் கட்டளையால் நுழைக்கிறோம். கீழே உள்ள செல்கள் ஒழுங்காக ஒரு படி இறங்குகின்றன. கூட்டல் பி12க்குப் போகிறது. ஆனால் அதன் சரம் இன்னும் பி2 முதல் பி10 வரை என்றே சொல்கிறது. கடைசி ஆளின் சம்பளம் பி11இல் தனியே நிற்கிறது, கூட்டலில் இல்லை. பிழைச் செய்தி வராது. திரையில் சிவப்பு இல்லை. தொகை, நம்பும்படியான ஒரு தொகை. ஒன்றிணைத்த செல்கள் கீழே இறங்காமல் பழைய இடத்திலேயே நின்றுவிடுவது வேறு. அதுவாவது அசிங்கமாகத் தெரிந்து நம்மை எச்சரிக்கும்.

நகலெடுப்பதும் அரைகுறைதான். செல், அலங்காரம், குறிப்பு, அகலம் ஆகியவை வரும். படமும் சார்ட்டும் வராது. ஒரு வொர்க்புக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்க வழியே இல்லை. ஒரே பெயரை இரண்டாம் முறை கொடுத்தால் மறுக்காமல் வாலில் ஓர் எண்ணை ஒட்டிவிடுகிறது. மாதாந்திர நிரலைத் தவறுதலாக இரண்டு தடவை ஓட்டினால் 'மார்ச்1' பிறக்கும். புதிய தரவு அதில் போகும். தொகுப்போ பழைய 'மார்ச்'சையே பார்க்கும். இன்னொன்று: இருக்கும் கோப்பைத் திறந்து, முதலில் தெரிய வேண்டிய ஷீட்டை மட்டும் மாற்றிச் சேமித்தால், பழைய ஷீட்டின் 'தேர்வானது' என்ற குறி அழிவதில்லை. எக்ஸெல் அந்த இரண்டையும் குழுவாகத் திறக்கும். தெரியாமல் ஒன்றில் தட்டியது மற்றதிலும் பதிவாகும்.

இதற்கு நூலகத்தின் தரப்பில் ஒரு நேர்மையான பதில் உண்டு: நாங்கள் கோப்பு வடிவத்தைக் கையாள்கிறோம், எக்ஸெலாக நடிக்கவில்லை, வரிசை நுழைத்தால் ஃபார்முலா, டேபிள், சார்ட் எதையும் சரிசெய்ய மாட்டோம் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறோம். உண்மைதான். ஆனால் இதே நூலகம் ஷீட் பெயரில் சாய்கோடோ கேள்விக்குறியோ வந்தால் பிழை எழுப்பி நிறுத்துகிறது. பெயர் 31 எழுத்தைத் தாண்டினால் எச்சரிக்கிறது. எல்லா ஷீட்டையும் மறைத்துவிட்டுச் சேமிக்கப் போனால் மறுக்கிறது. ஆக, கோப்பு உடையும் என்றால் அது வாய் திறக்கிறது. கணக்கு உடையும்போது மட்டும் ஆவணத்தைக் கைகாட்டுகிறது. பயன்படுத்துகிறவருக்கு இரண்டில் எது பெரிய நஷ்டம் என்பதை யோசித்தால் இந்த முன்னுரிமை தலைகீழ்.

முடியாத காரியம் என்றும் சொல்வதற்கில்லை. ஜாவாவின் அப்பாச்சி பிஓஐ, ஷீட் பெயர் மாறினால் ஃபார்முலாக்களில் உள்ள பெயரையும் மாற்றுகிறது. வரிசைகளை நகர்த்தினால் சுட்டுகளையும் நகர்த்துகிறது. ஃபார்முலாவைக் கணக்கிட்டுப் பார்க்கவும் அதற்குத் தெரியும். அதிலும் ஓட்டைகள் உண்டு, நினைவகத்தைத் தின்பதில் அதுவும் சளைத்ததல்ல. என்றாலும் பாதை இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஓபன்பைஎக்ஸ்எல்லுக்குள்ளேயே ஃபார்முலாவைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் பகுதியும், இடம் மாற்றி எழுதும் பகுதியும் இருக்கின்றன. செல் தொகுதியை நகர்த்தும் கட்டளையில் கேட்டால் அதைப் பயன்படுத்தவும் செய்கிறது, நகரும் செல்களின் ஃபார்முலாவுக்கு மட்டும். சம்பளமில்லாமல் எழுதுகிறவர்களிடம் முழுச் சார்புமரத்தையும் கட்டித்தரச் சொல்வது அநியாயம். ஃபார்முலா உள்ள ஷீட்டில் வரிசை நுழைத்தால் ஓர் எச்சரிக்கை வரி கேட்பது அநியாயமில்லை.

ஒப்பீட்டில் நியாயம் வேண்டுமென்றால் மாற்றுகளையும் எடை போட வேண்டும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் புதிதாக எழுதுவதில் இதைவிட நிறைவானது. ஆனால் இருக்கும் கோப்பைத் திறக்கவே திறக்காது. எக்ஸ்எல்விங்ஸ் எக்ஸெலையே இயக்குவதால் உறவுகள் எல்லாம் காப்பாற்றப்படும். அதற்கு எக்ஸெல் நிறுவிய விண்டோஸோ மேக்கோ வேண்டும், சர்வரில் ஆளில்லாமல் எக்ஸெலை ஓட்டுவதை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை. லினக்ஸ் சர்வரில் நள்ளிரவில் தானாக ஓடும் வேலைக்கு ஓபன்பைஎக்ஸ்எல்லை விட்டால் வசதியான வழி குறைவு. அங்கேயும் கோப்பின் அளவைப் போல சுமார் 50 மடங்கு நினைவகம் கேட்கும் என்று அதன் ஆவணமே சொல்கிறது; பெரிய கோப்புக்குப் படிக்க மட்டும், எழுத மட்டும் என்ற தனி முறைகள் உண்டு.

என் தீர்ப்பு: வாசிப்பதற்கும் புதிதாக உருவாக்குவதற்கும் முழு மதிப்பெண். ஃபார்முலா பின்னிய பழைய வொர்க்புக்கின் அமைப்பை மாற்றுவதற்குத் தேர்ச்சி இல்லை. நடுவில் ஒரு பயன்பாடு மட்டும் தேறும். தரவுக்கென்று ஃபார்முலாவே இல்லாத ஒரு ஷீட், பெயர் என்றும் மாறாமல். நிரல் அதன் செல்களை மட்டும் துடைத்து எழுதட்டும். ஃபார்முலா எல்லாம் வேறு ஷீட்டில், முழு நெடுவரிசையைச் சுட்டும்படி, நிரலின் கை படாமல் இருக்கட்டும். சேமித்த பிறகு எக்ஸெலிலோ லிப்ரெஆஃபிஸிலோ ஒருமுறை திறந்து சேமிக்காமல் விடை எண்ணைப் பைதானில் படிக்கப் பார்த்தால் வெறுமைதான் கிடைக்கும், ஏனென்றால் இந்த நூலகம் எதையும் கணக்கிடுவதில்லை. விடைகளை மட்டும் படிக்கும் முறையில் திறந்த கோப்பை அதே பெயரில் சேமித்துவிடவும் கூடாது. ஃபார்முலாக்கள் மொத்தமாக எண்களாகிவிடும். தொகுப்பு ஷீட்டில் யாராவது அம்புக்குறியோ பெட்டியோ வரைந்து வைத்திருந்தால் மூலக்கோப்பின் நகல் ஒன்றைத் தனியே எடுத்து வையுங்கள். நிரல் சேமித்த கோப்பில் அவை இருக்காது.