எட்டடிச் சதுரத்தின் மூலைவிட்டம்

வாட்ஸப்பில் திரும்பத் திரும்ப வரும் பழம்பாடல் ஒன்று உண்டு. போதையனார் பாடியது என்பார்கள். செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை ஒட்டிய பக்கங்களில் நீளமானதை எட்டுக் கூறாக்கு, ஒரு கூறைத் தள்ளு, மற்றப் பக்கத்தில் பாதியைச் சேர், கர்ணம் வந்துவிடும் என்பது அதன் பொருள். கூடவே ஒரு பெருமிதக் குறிப்பும் வரும்: வர்க்கமூலமே இல்லாமல், பித்தாகரஸுக்கு முன்பே தமிழன் கண்ட சூத்திரம். இந்தப் பாட்டைப் பகிர்ந்தவர்கள் நிறைய. உட்கார்ந்து வாசித்தவர்கள் எத்தனை பேர்?

வாசிப்போம். பக்கங்கள் 4, 3 என்றால் 3.5-ம் 1.5-ம் சேர்ந்து 5. சரி. 12, 5 என்றால் 10.5-ம் 2.5-ம் சேர்ந்து 13. அதுவும் சரி. ரெண்டு தடவை சரியா வந்ததும் நம்ம ஆட்கள் கைதட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். 15, 8 போட்டுப் பாருங்கள்: 17 வரவேண்டிய இடத்தில் 17.125. 24, 7 போட்டால் 25-க்குப் பதில் 24.5.

சதுரத்தில் பிசகு கண்ணுக்கே தெரியும். மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் சதுரத் தளம் கொண்டது. அதுபோல எட்டடிப் பக்கத்தில் ஒரு தளம் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். பாட்டின்படி மூலைவிட்டம் 11 அடி. உண்மையில் 11.31. கிட்டத்தட்ட மூன்றே முக்கால் அங்குலம் குறைகிறது. ஒற்றைப் பாறையில் கோயில் குடைந்த ஊர் அது. வெட்டின கல்லைத் திரும்ப ஒட்டவா முடியும்?

இதனால் பாட்டை இயற்றியவர் மக்கு என்று ஆகிவிடாது. முக்கோணம் 4-3, 12-5 ஆகிய இரண்டு வடிவங்களிலும் சரியாக வரவேண்டும் என்று கேட்டால், பொருந்துகிற பின்ன ஜோடி ஒன்றே ஒன்றுதான்: எட்டில் ஏழு, இரண்டில் ஒன்று. அந்த இரண்டு முக்கோணங்களையும் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் சூத்திரத்தைக் கட்டினார் என்பது என் ஊகம். இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவங்களில் விடை கொஞ்சம் கூடும், வெளியே போனால் குறையும். கொத்தனார் மனதில் வைத்துக்கொள்ள அருமையான விதி. அதைத் தேற்றம் என்று தூக்கி நிறுத்தியதுதான் நாம் அதற்குச் செய்த அநியாயம்.

‘சரி, பின்னத்தைத் திருத்திக்கிட்டா போச்சு’ என்று ஒரு நண்பர் சொன்னார். திருத்தலாம். பௌதாயன சுல்ப சூத்திரம் அதைத்தான் செய்கிறது. அதன் கணக்குப்படி பக்கம் 408 என்றால் மூலைவிட்டம் 577. 577-இன் வர்க்கம் 332929, 408-இன் வர்க்கத்தில் இருமடங்கு 332928. ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அந்த ஒன்று மட்டும் எந்தப் பின்னத்திலும் ஒழியாது.

ஏன் ஒழியாது? ஒரு சதுரத்தின் பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் மிச்சமில்லாமல் அளக்கும் அளவுகோல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்குலமோ, யவமோ, மயிரிழையோ, எதுவானாலும் சரி. அப்படிப்பட்டவற்றில் ஆகப் பெரியதை எடுப்போம். மூலைவிட்டத்தின் வர்க்கம் பக்கத்தின் வர்க்கத்தைப் போல இருமடங்கு; அதனால் மூலைவிட்டம் இரட்டை எண். இரட்டை எண்ணின் வர்க்கம் நான்கால் வகுபடும். அதில் பாதிதான் பக்கத்தின் வர்க்கம். அதுவும் இரட்டை, ஆகவே பக்கமும் இரட்டை. ரெண்டுமே இரட்டை என்றால் அளவுகோலை இருமடங்காக்கியிருக்கலாமே! ஆனால் நாம் எடுத்ததே ஆகப் பெரியது. ஆக, அப்படி ஓர் அளவுகோல் கிடையாது.

விகிதமுறா எண் என்று தமிழில் நல்ல பெயர் வைத்திருக்கிறோம். ஆங்கிலச் சொல் பகுத்தறிவற்றது என்றும் பொருள்பட்டு மிரட்டும். இது விகிதத்துக்குள் அடங்காதது என்று மட்டும் சொல்கிறது.

பெருமைப்பட வேண்டுமென்றால் ஆள் இருக்கிறார். 1444-இல் பிறந்த கேரளத்து நீலகண்ட சோமயாஜி, ஆரியபடீய உரையில், விட்டத்தை மிச்சமின்றி அளக்கும் கோல் சுற்றளவில் மிச்சம் வைக்கும், மிச்சத்தைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது என்று விளக்கினார். ஐரோப்பாவில் லாம்பெர்ட் அதை நிரூபித்தது 1761-இல். நீலகண்டர் நிரூபணம் தரவில்லை, கூற்றைத்தான் வைத்தார். ஆனால் மிச்சம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். தமிழ்நாட்டு வானியலாளர் சுந்தரராஜர் தன் சந்தேகங்களை எழுதிக் கேட்டது இவரிடம்தான்.

மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் வடக்கே வந்தால் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம். முதல் இடத்தில் அந்தப் பாட்டைத் தோராய விதியாகச் சொல்லிக்கொடுக்கலாம். இரண்டாவது இடத்தில், அது எங்கே, எவ்வளவு பிசகுகிறது என்று முதல் வருடப் பிள்ளைகளுக்குக் கணக்காகவே கொடுக்கலாம்.