புதுச்சேரி நடை: மதிலைப் பார்க்கிறோம், திண்ணையை விட்டுட்டோம்

புதுச்சேரியில 'ஹெரிடேஜ் வாக்' என்றால் பெரும்பாலும் கடற்கரைப் பக்கம்தான். துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, மஞ்சள் சுவர், காகிதப்பூ, நாலு போட்டோ. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிற தமிழ்ப் பகுதிக்கு, நேரம் மிச்சமிருந்தால் பத்து நிமிஷம்.

வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு தினமும் காலையில் இரண்டு பக்கமும் நடக்கிறேன். நடந்து நடந்து எனக்குத் தோன்றியது இதுதான்: தெருவில் போகிறவனை மனசில் வைத்துக் கட்டிய வீடுகள் வாய்க்காலுக்கு மேற்கேதான் இருக்கு. அந்த வீடுகளைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி, அவற்றின் முகத்தை மட்டும் பாதுகாத்துக்கிட்டு இருக்கோம்.

பிரெஞ்சு வீட்டை எடுத்துக்குங்க. தெருவை ஒட்டி உயரமான மதில், நடுவில் பெரிய வாசல். தோட்டம், தூண் வைத்த வராந்தா எல்லாம் மதிலுக்கு உள்ளே. கதவு திறந்திருந்தால் ஒரு நொடி தெரியும், அவ்வளவுதான். அழகு இல்லை என்று சொல்லவில்லை. ஆனா நடக்கிறவனுக்கு அந்தத் தெரு கொடுப்பது ஒரு நீளமான சுவர். அது போட்டோவுக்கு நல்லா இருக்கும், ஏப்ரல் மாசம் பதினொரு மணி வெயிலுக்கு உதவாது.

தமிழ் வீடு வேற மாதிரி. தெருவோரமாக மரத்தூண்கள், அதன்மேல் ஓடு வேய்ந்த சரிவுக் கூரை. இங்கே தாழ்வாரம் என்கிறது அதைத்தான். அதை அடுத்து திண்ணை, பிறகு கதவு, நடை, முற்றம். தாழ்வாரத்து நிழல் வீட்டுக்காரருக்கு மட்டுமானதல்ல. அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் சேர்ந்தால் தெரு முழுக்க ஒரே நிழல். தெருவில் போகிறவன் மழைக்கு ஒதுங்கலாம், உட்காரலாம், வீட்டுக்காரரிடம் ரெண்டு வார்த்தை பேசலாம். உள்ளே நுழையாமலே வீட்டோடு ஒரு உறவு.

இரண்டு பாணியும் கலந்த வீடுகளும் உண்டு. கீழ்த்தளம் தாழ்வாரம், திண்ணையோடு தமிழ் வீடாகவும், மாடி வளைவு ஜன்னல், அலங்காரத் தூண்களோடு பிரெஞ்சுத் தோரணையாகவும் இருக்கும். டூப்ளேயின் துபாஷியாக இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலேயே இந்தக் கலப்பைப் பார்க்கலாம். மாடியில் ஊரின் ஃபேஷனைக் காட்டினார்கள். தெருவைத் தொடும் இடத்தில் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை.

இப்போ விமர்சனத்துக்கு வர்றேன். வைசியாள் வீதி என்று ஊர் சொல்லும் கல்வே சுப்புராய செட்டி வீதியில், 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு இன்டாக் அமைப்பு சுமார் 20 வீடுகளின் முகப்பைச் சீரமைத்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. நியாயமான விருது. மக்கள் குடியிருக்கிற தனியார் வீடுகளில், உரிமையாளர்களைச் சம்மதிக்க வைத்து இதைச் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஆனா முகப்பு என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கு. எங்க தொழில்ல பழைய சிஸ்டத்துக்குப் புது ஸ்கிரீன் மட்டும் மாட்டிக் கொடுப்பாங்க. பார்க்கப் பளபளன்னு இருக்கும், உள்ளே அதே சிக்கல் ஓடிக்கிட்டிருக்கும். பொதுப்பணம் முகப்போடு நின்றால், ஒழுகுகிற மெட்ராஸ் டெரஸ் கூரையும், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் முற்றத்துக்குக் குறுக்கே எழும்பும் சுவரும் கணக்கில் வராது. கூரையைச் சரிசெய்யச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வேணும், காசு வேணும். இரண்டும் இல்லாத குடும்பத்துக்கு மிஞ்சுவது விற்பதுதான்.

அதற்கு முன்னாடியே திண்ணை போயிடுது. கம்பி அடைப்பு வரும், அதற்குள் பைக் வரும். ரோடு மேல ரோடு போட்டு தெரு உயர உயர, திண்ணை பள்ளத்தில் இறங்கும். வீடு 'பாரம்பரியக் கட்டடம்' பட்டியலில் அப்படியே இருக்கும். தூணும் ஓடும் சரியாகத்தான் இருக்கு. உட்கார மட்டும் முடியாது.

வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. தெரியாதவங்க வந்து வாசலில் உட்கார்ந்து போட்டோ எடுத்தால் யாருக்குப் பிடிக்கும்? திண்ணையை ஒரேயடியாகக் கொண்டாடவும் முடியாது. வைசியாள் என்ற பெயரிலேயே சாதி இருக்கு. திண்ணை சிலருக்கு வரவேற்பு. சிலருக்கு அதுதான் எல்லை, இதுக்கு மேல வராதே என்று நிறுத்திய இடம். இன்னும் சிலருக்கு அதுவரைகூட அனுமதி கிடையாது. ஹெரிடேஜ் வாக்கில் இதைச் சொல்லாமல் தூணின் மரவேலையை மட்டும் சொல்வது பாதிக் கதை.

மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்தது. உலக வங்கி உதவியோடு பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். பணமும் வரைபடமும் இருந்தால் ஒரு அரசுக் கட்டடத்தை அப்படி மீட்கலாம். தெருவும் வீடும் பேசிக்கொள்கிற பழக்கத்தை எந்த ஒப்பந்ததாரரும் கட்டித் தர முடியாது. அதனால்தான் உதவி வீட்டின் முகத்தோடு நிற்கக் கூடாது என்கிறேன். கூரைக்குக் கடன், தாழ்வாரத்தைத் திறந்து வைத்திருக்கிற வீட்டுக்கு வரிச் சலுகை, ரோடு போடும்போது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவது. மூன்றும் நகராட்சி அளவிலேயே யோசிக்கக்கூடியவை.

அடுத்த தடவை புதுச்சேரி போனால் வாய்க்காலைத் தாண்டி மேற்கே ஒரு மணி நேரம் நடங்க. மாடியை அண்ணாந்து பார்க்கிறதுக்கு முன்னாடி, எத்தனை தாழ்வாரத்தில் கம்பி இல்லாமல் நடக்க முடியுது என்று எண்ணிப் பாருங்க. அந்தத் தெரு எவ்வளவு மிச்சம் இருக்கு என்பதற்கு என்னிடம் இருக்கிற அளவுகோல் அதுதான்.