மதிலில் இல்லாத மனிதர்

குப்பையைப் பற்றிய சுவரோவியம் என்றதும் நம் கண்முன் தோன்றும் படம் ஒன்றுண்டு. கண்ணீர் வடிக்கும் பூமியுருண்டை. அதன் பக்கத்தில் பச்சை, நீலம், செம்மஞ்சள் நிறங்களில் தொட்டிகள். வாழைப்பழத் தோலைப் பச்சைத் தொட்டிக்குள் இட்டுவிட்டுப் புன்னகை புரியும் சிறுவன். எந்த ஊர் மதிலிலும் இதே சிறுவன்தான். படத்தில் பிழையில்லை, தொட்டிகளின் நிறங்கள்கூட விதித்தபடியே உள்ளன. ஆயின் நிறைந்த தொட்டியைத் தூக்குபவர் யார்? தூக்கியது எங்கே போய்ச் சேருகிறது? அத்தொட்டியை நிறைக்கும் பொருளைச் செய்து விற்று இலாபம் காண்பவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் அம்மதில் வாய் திறப்பதில்லை.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர் தூரிகையுடன் வீதிக்கு வந்தனர். வடபகுதியிலும் மதில்கள் வர்ணம் பெற்றன. கூலி கருதாது வெயிலில் நின்று உழைத்தவர்களை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. ஆனால் அவர்கள் கைக்கொண்ட இலட்சியம் 'அழகுபடுத்தல்'. கிழிந்த சுவரொட்டிகள் மறைந்தன. தெற்கிலே அவ்விடத்தில் பழைய மன்னரும் போர்வீரரும் எழுந்தனர். அழுக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதைக் காட்டிலும் அதன்மேல் வர்ணம் பூசுவது எளிதல்லவா? அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னர்தான், 2017 ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, கொழும்புக்கு அயலிலுள்ள மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடிற்று. 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தலைநகரின் கழிவு தங்கள் வாசலில் குவிவதை எதிர்த்து அம்மக்கள் ஆண்டுக்கணக்காகக் குரலெழுப்பியிருந்தனர். அழகுபடுத்தும் கலைக்கு அவர்கள் கருப்பொருளாகத் தோன்றவில்லை. 2025 தொடக்கத்தில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்னும் அரசாங்கத் திட்டம் ஆரம்பமானபின் தூய்மை பற்றிய பேச்சு மீண்டும் ஓங்கியிருப்பதால், இதனை இப்போது பேசவேண்டியிருக்கிறது.

புத்தூரில் நின்று பேசுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. இவ்வட்டாரத்து உழவர் நாவில் குப்பை என்பதற்குப் பசளை என்றும் பொருள். மாட்டெருவும் சாம்பலும் வீட்டுக் கழிவும் கிடங்கில் மக்கி வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போயின. பூவரசங்குழை தோட்டத்து மண்ணில் தாழ்ந்தது. மீள்சுழற்சி என்ற சொல்லை அறியாமலே அதனைச் செய்துவந்த மண் இது. இம்மக்களுக்கு மதிலில் எழுதி அறிவூட்டப் புறப்படுவோர், முதலில் அவர்களிடம் கேட்டறிய வேண்டியது நிரம்ப உண்டு. மக்காத பொருளை அவர்கள் தோட்டத்திலே கொண்டுவந்து கொட்டியது சந்தை. பக்கத்திலே நவக்கிரியில் நிலாவரைக் கிணறு. மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கும் மழைநீரே குடாநாட்டுக் கிணறுகளின் ஊற்று. நிலத்தின்மேல் நாம் எறியும் நஞ்சும் அதே வெடிப்பு வழியே இறங்கும். கண்ணீர் வடிக்கும் பூமியுருண்டையைவிட, இந்நிலத்தின் குறுக்குவெட்டு எத்துணை வலிமையான சித்திரம்!

வேண்டாதவை யாருடைய வாசலுக்கு ஒதுக்கப்படும் என்பதையும் இவ்வூர் அறியும். புத்தூர் கலைமதிக் கிராமத்து மக்கள் தம் குடிமனைகளுக்கு நடுவேயிருந்த கிந்துசிட்டி மயானத்தை அகற்றக் கோரி 2017இல் தொடர்ந்து போராடினர். பிணப்புகையை யார் சுவாசிப்பது என்பதும், குப்பையை யார் அள்ளுவது என்பதும் நம் சமுதாயத்தில் வேறு வேறு வினாக்களல்ல. இரண்டுக்கும் சாதியும் வர்க்கமும் சேர்ந்தே விடை எழுதி வைத்திருக்கின்றன. தகழி 1947இலேயே 'தோட்டியின் மகன்' எழுதினார். சுந்தர ராமசாமி அதனைத் தமிழுக்குக் கொணர்ந்தார். மலம் சுமந்தவனை நாவலின் நடுவே நிறுத்த இலக்கியத்தால் முடிந்தது. நம் மதிலோவியமோ இன்னும் அவனுக்கு ஒரு மூலையைக்கூடக் கொடுக்கவில்லை.

ஓவியமும் சிற்பமும் இதற்கு வலுவற்றவை என்று எவரும் கூறமுடியாது. மியர்ல் லேடர்மன் யூக்கலீஸ் என்னும் அமெரிக்கக் கலைஞர் 1979-80இல் நியூயோர்க் நகரின் ஏறத்தாழ 8,500 சுகாதாரத் தொழிலாளரை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி கூறினார். அச்செயலையே கலைப்படைப்பாக முன்வைத்தார். 1983இல் குப்பை லொறியொன்றின் புறத்தே கண்ணாடி பதித்தார். லொறி கடந்துபோகையில் வீதியில் நின்றோர் அதிலே தம் முகத்தைக் கண்டனர். (நம்மூர் உழவு இயந்திரப் பெட்டியில் இதனைச் செய்து பார்க்கலாம், கனவான்கள் சிலர் மறுபக்கம் திரும்பிக்கொள்வர்.) பிறேசிலின் விக் முனிஸ், றியோ நகர்ப்புறத்துக் குப்பைமேட்டில் பொறுக்கி வாழ்ந்தோருடன் கூடி, அவர்கள் பொறுக்கிய பொருள்களாலேயே அவர்கள் உருவங்களை ஆக்கினார். அவர்களது சங்கத் தலைவர், டேவிட் 1793இல் தீட்டிய மராவின் நிலையில் சாய்ந்திருந்தார். புரட்சிக்காரனுக்குரிய பீடம் கழிவு பொறுக்குபவனுக்குக் கிடைத்தது. 2010இல் வெளிவந்த 'வேஸ்ட் லேண்ட்' என்ற ஆவணப்படம் இதனைக் காட்டுகிறது.

இவற்றையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு போற்றவில்லை. முனிசின் படம் இலண்டனில் ஏலம் போயிற்று. பணம் சங்கத்துக்கே சென்றதெனினும், படம் செல்வர் வீட்டுச் சுவருக்குரிய பொருளாயிற்று. கைகுலுக்கினால் கூலி உயர்வதுமில்லை. யாழ்ப்பாணத்துச் சுகாதாரத் தொழிலாளர் நிரந்தர நியமனம் கோரி வேலைநிறுத்தம் செய்யும்போது, குப்பை தேங்கிவிட்டதே என்று முறையிடும் நகரம், அவர்கள் கோரிக்கையைக் கலையின் மூலமேனும் காதில் வாங்க வேண்டும். அதற்கு நன்றி கூறும் கலை மட்டும் போதாது.

மற்றொன்று: மெல்லிய பொலித்தீனுக்கும் ரெஜிபோம் உணவுப் பெட்டிக்கும் 2017இல் தடை வந்தது, 2021 மார்ச் 31 முதல் உணவும் மருந்தும் தவிர்ந்த சிறு சாஷே பொதிகளும் தடைசெய்யப்பட்டன. அத்தடைகள் எவ்வளவு நிறைவேறின என்பது வேறு கதை. சட்டமே உற்பத்தியாளனின் கையைப் பிடிக்க முனைந்த பின்னரும் ஓவியம் சிறுவனின் காதைத் திருகிக்கொண்டிருக்கிறது.

இனி மதிலுக்கு வர்ணம் வாங்கப் போகும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொடங்குமுன் ஒருநாள் விடியற்காலையில் மாணவரைக் குப்பை வண்டியின் பின்னே அழைத்துச் செல்லுங்கள். அள்ளுபவரின் கையில் உறையுண்டா என்று அவர்கள் பார்க்கட்டும். வண்டி கவிழ்க்கும் இடத்துக்கு அருகே எத்தனை வீடுகள், எத்தனை கிணறுகள் என்று எண்ணட்டும். பொதிகளில் அச்சிட்ட பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். மாலையில் அத்தொழிலாளரையும் பாடசாலைக்கு அழைத்து, மதிலில் எதை வரைவதென்று அவர்களையும் கேளுங்கள்.