கலை வரலாற்றுத் தேர்வும் துணை நூல்களும்

தேர்வுக்கு நூல் தேடும் மாணவன் விலையையும் பருமனையும் பார்க்கின்றான். அட்டையில் அச்சிட்டிருக்கும் உறுதிமொழியை நம்புகின்றான். நூலின் உள்ளே புகுந்து தரத்தைச் சீர்தூக்கிச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். அவரும் அட்டையோடு நின்றுவிட்டால் பெற்றோரின் பணமும் பிள்ளையின் ஓராண்டு உழைப்பும் ஒருங்கே வீணாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை நாடும் மாணவர் எழுதும் ஏ.பி. கலை வரலாற்றுத் தேர்வை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

காலேஜ் போர்டு என்னும் அமைப்பு நடத்தும் இத்தேர்வில் 1 முதல் 5 வரை தரம் வழங்கப்படுகிறது. 3 பெற்றாலே பல பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தருகின்றன. சில, 4 அல்லது 5 வேண்டுமென்கின்றன. 2015-இல் திருத்தியமைத்த பாடத்திட்டம் 250 படைப்புகளைப் பத்துப் பிரிவுகளாக வகுத்தது. ஒரு மணி நேரத்தில் 80 தெரிவு வினாக்கள். இரண்டு மணி நேரத்தில் 6 எழுத்து வினாக்கள்.

இந்த 250-இன் பெயரையும் காலத்தையும் நெட்டுருப் போட்டால் போதும் என்பார் உளர். அது பொருந்தாது. பட்டியலில் இல்லாத படைப்பொன்றைக் காட்டி, இது யாருடையது அல்லது எம்மரபைச் சேர்ந்தது எனக் கேட்டு, அதற்குக் காரணமும் காட்டச் சொல்லும் வினா ஒன்றுண்டு. ஆங்கே நெட்டுரு கைகொடாது, கண்ணே கைகொடுக்கும். ஆகவே, விடையைத் தரும் நூலினும் பார்க்கப் பழக்கும் நூலே சிறந்தது.

இவ்வளவுகோலால் சில நூல்களை அளப்போம். கோம்பிரிச் 1950-இல் வெளியிட்ட ‘கலையின் கதை’ தெளிந்த நடையது. ஓவியத்தின் முன் நின்று எதைக் காண்பது என்று தோழன்போல் சொல்லித் தருவது. எனினும் அதன் நாட்டம் பெரிதும் ஐரோப்பாவின் மீதே. தெற்கு, கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவுக்கு மட்டும் 21 படைப்புகளை ஒதுக்கிய தேர்வுக்கு அஃதொன்றே போதாது. ஜான்சனின் பெருநூல் 1962-இல் வந்தபோது அதில் பெண் கலைஞர் ஒருவர்கூட இடம் பெறவில்லை. பெருநூல் என்பதாலேயே அது நிறைவுடையது என்று கொள்ளலாகாது என்பதற்கு இது சான்று. 1926-இல் ஹெலன் கார்ட்னர் தொடங்கிய நூல் பல பதிப்புகளாக வளர்ந்து உலகக் கலையைப் பரக்கப் பேசுகின்றது. ஆனால் அதனை முதலிலிருந்து முடிவுவரை படிக்க மாணவனுக்குப் பொழுது போதாது. வேண்டும் இடத்தில் எடுத்துப் பார்க்கவே அது உதவும்.

இனி, சுருக்கக் கையேடுகள். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைப்பனவற்றின் பதிப்பாண்டை முதலில் நோக்குக. 2015-க்கு முற்பட்டதாயின் அது இன்றைய 250-ஐ அடியொற்றி எழுதப்பட்டதன்று; மலிவே நட்டமாகும்.

ஒரு நூலின் உண்மைத் தரத்தை அறிய எளிய வழியொன்று உண்டு. நாம் நன்கறிந்த பொருளைப் பற்றிய பக்கத்தைத் திறந்து உரைத்துப் பார்க்க வேண்டும். அப்பட்டியலில் தமிழகத்துச் சோழர் கால நடராசர் செப்புத்திருமேனி இருக்கின்றது. நமக்கு அதனினும் நல்ல உரைகல் ஏது? உடுக்கை படைப்பு, தீ அழிப்பு என்ற இரண்டு வரியோடு நிற்கும் நூல் பாதி வேலையே செய்தது. மெழுகில் உருச்செய்து வார்த்த முறையையும், பீடத்துத் துளைகளில் கழி செருகித் தூக்கி வீதியுலா கொண்டு சென்றதையும், பட்டும் மாலையும் சாத்தப் பெற்ற கோலத்திலேயே அடியார் அதனைக் கண்டு வணங்கினர் என்பதையும் சொல்லும் நூலே முழு வேலை செய்தது. தேர்வாளர் கேட்பதும் இதுவே: எதனால் ஆயது, எதற்காக ஆயது, யார் எவ்வாறு கண்டனர்? உற்சவர் உலா வரக் கண்ட நம் பிள்ளைக்கு இதன் விடை பாதி முன்பே தெரியும். அதனைத் தெளிவுபடுத்தும் நூலே அவனுக்குத் தேவை.

தெரிந்த பக்கத்தில் தவறும் நூல், தெரியாத பக்கங்களில் மட்டும் தவறாதென நம்புவது எங்ஙனம்? நம் நடராசரை அரைகுறையாகச் சொல்லும் ஆசிரியர், ஆப்பிரிக்க முகமூடியையும் பசிபிக் தீவினரின் செதுக்கு வேலையையும் அவ்வாறே சொல்லியிருக்கக் கூடும்.

முடிவாக ஒன்று கூறுவேன். பெருநூல்கள் பலவற்றை வாங்கிக் குவிக்க வேண்டா. புதிய கையேடு ஒன்றைப் பாட வரம்பறிய வைத்துக்கொள்க. பெத் ஹாரிசும் ஸ்டீவன் சக்கரும் 2005-இல் தொடங்கிய ஸ்மார்ட்ஹிஸ்டரி இணையத்தளம் படைப்புகளுக்கான விளக்கங்களை விலையின்றித் தருகின்றது. அதனைப் பாடநூலாகக் கொள்க. நடைக்கும் நோக்குக்கும் கோம்பிரிச்சின் சில இயல்களை நூலகத்தில் படிக்கச் செய்க. அதன்பின் வாரந்தோறும் பட்டியலில் இல்லாத படமொன்றை மாணவன் முன் வைத்து, நூலை மூடிவிட்டு, கண்டதை எழுதச் சொல்லுக. இப்பயிற்சிக்குக் காசு வேண்டா. ஆசிரியரின் பொறுமை ஒன்றே வேண்டும்.