சிலப்பதிகாரமும் அதிகாரத்தின் பொருளும்

அதிகாரம் என்னுஞ் சொல் தமிழில் இரு பொருள்பட வழங்குகின்றது. பிறரை ஏவி நடத்தும் ஆற்றலை அது குறிக்கும். நூலின் ஒரு கூற்றினையுங் குறிக்கும். எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் என வருமிடங்களில் அச்சொல்லுக்குப் பழைய உரையாசிரியர் முறைமை எனப் பொருள் கூறுவர். ஏவும் ஆற்றலும் முறைமையும் தம்முள் வேறானவை போலத் தோன்றும். ஆயினும் அவை இரண்டும் ஒன்றாதல் வேண்டுமா, பிரிந்து நிற்றல் கூடுமா என்பதே அரசியலாராய்ச்சியின் தலையாய வினாவாகும். ஆள்பவன் ஒருவனது அதிகாரம் அவன் கையிலுள்ள வாளினாற் பிறப்பதா? அன்றி, அவன் வழுவாது நிற்கும் முறையினாற் பிறப்பதா? இவ்வினாவினைச் சாத்திரமாக விரித்துரையாது கதையாக அமைத்துக் காட்டிய தமிழ்நூல், தன் பெயரிலேயே அச்சொல்லைத் தாங்கிநிற்கும் சிலப்பதிகாரமாம்.

சிலப்பதிகாரம் மூன்று உண்மைகளை நிலைநாட்ட எழுந்தது என அதன் பதிகம் கூறும். அரசியலில் வழுவினோரை அறமே யமனாக நின்று ஒறுக்கும் என்பது முதலாவது. பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர் என்பது இரண்டாவது. ஊழ்வினை தப்பாது வந்து பயன் தரும் என்பது மூன்றாவது. நூலைப் பயில்வோர் பெரும்பாலும் பின்னைய இரண்டினையே விரித்துப் பேசுவர். கண்ணகியின் கற்பும் கோவலனின் வினைப்பயனும் பேசப்படும் அளவுக்கு முதலுண்மை பேசப்படுவதில்லை. பாண்டியன் தவறிழைத்தான், இறந்தான் என்னும் அளவோடு அஃது அமைந்துவிடுகின்றது. ஆனால் அவன் இழைத்த தவறு எத்தகையது என்பதை நுணுகி நோக்கினாலன்றி, இளங்கோவடிகள் அரசியல் என்று எதனைக் கருதினார் என்பது விளங்காது.

பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். குடிகளை வருத்திப் பொருள் பறித்தவன் என்றோ, பகைமையால் ஒருவனைக் கொல்வித்தவன் என்றோ நூலில் ஓரிடத்தும் கூறப்படவில்லை. அவன் தவறு நிகழ்ந்த வேளையை அடிகள் மிக எளிய வேளையாக அமைத்துள்ளார். ஆடல் மகளிரின் ஆட்டத்திலும் பாட்டிலும் மன்னன் உள்ளம் சென்றதெனக் கருதிய கோப்பெருந்தேவி, தலைநோவெனக் கூறி ஊடி எழுந்து போகின்றாள். அவளது ஊடலைத் தணிக்க விரைந்து செல்லும் மன்னனின் காலில் வந்து வீழ்கின்றான் பொற்கொல்லன். தேவியின் சிலம்பினைத் தானே கவர்ந்தவனாகிய அவன், கள்வன் ஒருவன் சிலம்போடு தன் குடிலில் இருக்கின்றான் என்கின்றான். காவலரை அழைத்த மன்னன், சிலம்பு அவன் கையதாயிற் கொன்று அதனைக் கொணருமாறு பணித்துவிட்டு அந்தப்புரத்தை நோக்கி நடக்கின்றான். ஓர் உயிரைப் பற்றிய தீர்ப்பு, வேறொரு நினைவோடு நடந்து செல்பவன் வாயிலிருந்து ஒரு தொடராக வெளிப்பட்டு முடிகின்றது.

இவ்விடத்தில் அடிகள் ஆளும் வினைச்சொல் ஆராயத்தக்கது. வினை விளையுங் காலமாதலின் மன்னன் தேராதவனாயினான் என்பது அவர் கூற்றின் கருத்து. பின்னர் வழக்குரை காதையிற் கண்ணகி மன்னனை முதன்முதல் விளிக்கும்போதும் அதே தேர்தல் என்னும் வினையே எதிர்மறையாய் நின்று அவனுக்கு அடைமொழியாகின்றது. கொடியவன், நெறியற்றவன் என்றெல்லாம் அழைக்க இடமிருந்தும் அவள் அவ்வாறு அழைத்தாளல்லள். ஆராயாதவன் என்பதே அவள் சாற்றும் குற்றம். கவிக்கூற்றாக வந்த குற்றம் வாதியின் கூற்றாக மீண்டும் வருதலால், அரசியற் பிழை என நூல் கருதுவது ஆராயாமையையே என்பது தெளிவாகும்.

ஊழே காரணமென்று நூல் கூறவில்லையா, அங்ஙனமாயின் மன்னனைக் குறைகூறல் எங்ஙனம் பொருந்தும் எனச் சிலர் வினவுவர். ஊழ் இந்நூலிற் பெருவலி உடையதே. ஆயினும் அஃது எவ்வழியாகச் செயற்படுகின்றது என்பதே ஈண்டு நோக்கற்பாலது. இடி விழுந்தோ நஞ்சு தீண்டியோ கோவலன் இறந்தானல்லன். ஊழ் அவனை அடைவதற்கு ஓர் அரசாணை வேண்டப்பட்டது. அன்றியும், பாண்டியனே தன் பிழையை ஊழின்மேல் ஏற்றிச் சொன்னானல்லன்.

மன்னனின் ஆணை காவலர் கைக்குச் சென்றபின் நிகழ்வது, அதிகாரத்தின் இயல்பைப் பிற நூல்களிற் காண்டற்கரிய நுட்பத்தோடு காட்டுகின்றது. கோவலனைக் கண்ட காவலருள் ஒருவன், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றான். உண்மை அவன் கண்ணுக்குத் தோன்றிவிட்டது. உடனே பொற்கொல்லன் களவு நூலை விரிக்கத் தொடங்குகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டினையும் துணைக்கொண்டு கள்வர் தொழில்புரிவர் என நூன்முறை காட்டி, ஐயத்தை அறியாமை போலத் தோன்றச் செய்கின்றான். கல்வியும் இவ்வாறு பொய்க்குத் துணையாகின்றது. வேறொரு காவலன் தான் முன்பு கண்ட கள்வன் ஒருவனின் திறமையைச் சொல்லி, ஏவலைச் செய்யாவிடின் மன்னனால் தமக்குத் துன்பம் வருமே என அஞ்சுகின்றான். இவர்கள் பேசிக்கொண்டு நிற்கையில், கல்வியறிவில்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான்.

இக்காட்சியில் உண்மையாகக் கொன்றவன் யார்? வாள்வீசியவன் ஆணையைக் காட்டுவான். அஞ்சியவன் மன்னனைக் காட்டுவான். ஐயுற்றவன் தான் சொல்லிப் பார்த்ததைக் காட்டுவான். மன்னன் பொற்கொல்லனைக் காட்டலாம். ஒவ்வொருவர்க்கும் சுட்டிக் காட்டுதற்கு இன்னொருவர் உளர். பல கைகளினூடாகச் செல்லுதலே அதிகாரத்தின் இயல்பு. செல்லும் வழியில் ஆற்றல் குறைவதில்லை. பொறுப்பு மட்டும் கைதோறும் தேய்கின்றது. அரசு எனப்படும் எந்த அமைப்பிலும் உள்ளுறைந்து கிடக்கும் இடர் இதுவே. மணிமுடி மன்னர் மறைந்து மக்களாட்சி வந்தபின்னரும் இவ்விடர் நீங்கவில்லை. வாய்மொழி ஆணை கையொப்பமாயிற்று. கைகளின் தொகையும் பெருகிற்று.

இனி வழக்குரை காதையை நோக்கலாம். தலைவிரி கோலத்தோடும் கையிற் சிலம்போடும் வாயிலில் நிற்பவளை மன்னன் தடுக்கவில்லை. உள்ளே வரவிடுமாறு கூறுகின்றான். கன்றை இழந்த பசுவிற்காகத் தன் மகனையே முறைசெய்த சோழனின் ஊரினள் என அவள் தன்னை அறிவிப்பதே ஓர் அரசியல் வாதமாகும். வாயின்மணியை ஒரு பசு அசைத்தபோது எழுந்து கேட்ட மன்னன் ஒருவன் இருந்தான் என்பது அதன் உட்கிடை. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று, முறையே என்கின்றான் பாண்டியன். அவன் கூறும் விதி பிழையன்று; அவ்விதி பொருந்துதற்கு வேண்டிய உண்மையைத் தேடாமையே பிழை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் எனக் கண்ணகி உரைக்கின்றாள். அப்போது மன்னன் தங்கள் சிலம்பின் பரல் முத்து எனத் தானே கூறி, காவலர் கொணர்ந்த சிலம்பினை வருவித்து அவள்முன் வைக்கின்றான்.

இச்சிறு நிகழ்ச்சியிலேதான் காப்பியத்தின் அரசியற் கருத்து முழுவதும் தங்கியுள்ளது. அவ்வவையில் மன்னனுக்கு மேலான நீதிபதி ஒருவரும் இலர். தீர்ப்பளிப்போனும் அவனே, குற்றஞ்சாட்டப்பட்டோனும் அவனே. அவன் வாய்திறவாதிருந்தால், அல்லது சிலம்பினைக் கொணர மறுத்திருந்தால், கண்ணகியின் சொல் வெறுஞ் சொல்லாய் முடிந்திருக்கும். தனக்கெதிரான சான்றினைத் தானே எடுத்து வைத்தமையால் அவன் தோற்றான், அத்தோல்வியினால் அரசனானான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, பொன்செய் கொல்லன் சொற்கேட்ட தான் அரசனல்லன், தானே கள்வன் எனக் கூறி அவன் உயிர் நீங்குகின்றது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று இத்தாலிய வரலாற்றில் உண்டு. செசாரே போர்சியா என்னும் கோமகன் உரோமாஞ்ஞா நாட்டை அடக்கி ஒழுங்குபடுத்துமாறு இரெமிரோ என்னும் கடுமையான அதிகாரியை நியமித்தான். நாடு அடங்கியது, மக்களின் வெறுப்பும் மிகுந்தது. 1502 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாட் காலையில் செசேனா நகரச் சதுக்கத்தில் அவ்வதிகாரியின் உடல் இரு கூறாகக் கிடந்தது. கொடுமைகள் யாவும் அதிகாரியின் செயலே, தன் செயலல்ல என்று காட்டுதற்குக் கோமகன் கண்ட வழி அது. 1513 ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்று, ஆசிரியர் இறந்தபின் 1532 இல் அச்சேறிய ‘இளவரசன்’ என்னும் நூலில் மாக்கியவெல்லி இதனை அறியத்தக்க, பின்பற்றத்தக்க செயலாகக் குறிப்பிடுகின்றார். மக்கள் ஒருங்கே நிறைவும் திகைப்பும் எய்தினர் என்பது அவர் கூற்று.

பாண்டியனுக்கும் இவ்வழி திறந்தே இருந்தது. பொற்கொல்லனை அவையின்முன் இழுத்து வந்து வெட்டியிருந்தால் மதுரை மக்கள் நிறைவும் திகைப்பும் எய்தியிருப்பர், கொற்றக்குடையும் சாயாதிருந்திருக்கும். போர்சியா தன் பழியை ஏவலன்மேல் இறக்கி ஆற்றலைக் காத்துக்கொண்டான். பாண்டியன் ஏவலரின் பழியைத் தன்மேல் ஏற்றி முறைமையைக் காத்தான். ஆற்றலை எங்ஙனம் கைவிடாதிருப்பது என மாக்கியவெல்லி ஆராய்ந்தார். ஆற்றலுக்கு யார் விடைசொல்வது என இளங்கோ ஆராய்ந்தார். யேர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் 1919 ஆம் ஆண்டு சனவரி 28 ஆம் நாள் மூனிச் நகரில் ஆற்றிய அரசியற் பேருரையில் இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்கினார். முறையான வன்மையைத் தனக்கே உரியதாகக் கொண்டாடுவது அரசு என்றும், தன் செயலின் பயனுக்குத் தானே பொறுப்பேற்றலும் அதனைப் பிறர்மேற் சுமத்தாமையுமே அரசியற் றலைவனின் மானம் என்றும் அவர் கூறினார். அம்மானத்திற்கு ஓர் உருவம் கொடுக்க வேண்டின் பாண்டியனினும் பொருத்தமானவனைக் காண்டல் அரிது.

ஆராயாமை ஒருவனுக்கு மட்டும் உரிய குற்றமன்று என்பதையும் நூல் உணர்த்துகின்றது. முற்பிறப்பில் அரசபணியாளனாய் இருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொல்வித்தான் என மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கின்றது. இன்று ஆராயாமையால் இறந்தவன் அன்று ஆராயாமையாற் கொல்வித்தவன். அத்தெய்வமே வார்த்திகன் கதையையுங் கூறும். குற்றமற்ற அவனை அரசப்பணியாளர் சிறையிட்டனர். அவன் மனைவி புலம்பக் கொற்றவை கோயிற் கதவம் திறவாதாயிற்று. மன்னன் காரணம் வினவி, உண்மை தெரிந்து அவனை விடுவித்து ஊர்களும் வழங்கினான். பணியாளர் பிழை இரு கதைக்கும் பொது. காலத்தில் வினவியமையே வேற்றுமை. சிறையிட்டவனை விடுவிக்கலாம், கொன்றவனை மீட்டல் ஒருவர்க்கும் ஆகாது.

காப்பியம் இத்தெளிவினை இறுதிவரை காத்ததா என்பது நேர்மையோடு கேட்கத்தக்க வினா. பாண்டியனின்பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஒரே நாளிற் பொற்கொல்லர் ஆயிரவரைப் பத்தினிக்குப் பலியிட்டான் என நூல் கூறுகின்றது. ஒருவன் செய்த களவிற்கு ஆயிரவர் உயிர் கொள்ளப்பட்டது. அவருள் ஒருவனேனும் ஆராயப்பட்டானல்லன். கோவலன் இறந்த அதே குற்றம் ஆயிர மடங்காக மீண்டும் நிகழ்ந்தும், அதனைப் பழித்து ஒரு சொல்லும் அவ்விடத்திற் காணப்படவில்லை. மழை பெய்தது, நாடு செழித்தது என்றே செய்தி முடிகின்றது. இதனை நூலின் குறையென்றே கொள்ளல் வேண்டும். ஆயினும் அக்குறையை அறிதற்கு வேண்டிய அளவுகோலை நமக்குத் தந்ததும் அந்நூலே. வழக்குரை காதையைக் கற்றவன் அவ்வாயிரவர் பொருட்டுக் கேள்வி எழுப்பாதிருத்தல் இயலாது.

வஞ்சிக் காண்டத்திற் பாண்டியனின் முடிவைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், வளைந்த செங்கோலை மன்னனின் உயிரே நிமிர்த்தியது என்கின்றான். மழை வளங்குன்றின் அச்சம், உயிர்கள் துன்புறின் அச்சம், ஆதலின் அரச குடியிற் பிறத்தல் துன்பமேயன்றித் தொழத்தக்கதன்று என்பதும் அவன் கூற்று. இவ்வாறு கூறியவனே வடநாட்டின்மேற் படையெடுத்து, கனக விசயர் முடித்தலையிற் கல்லை ஏற்றுவிக்கின்றான். அதிகாரம் சுமையென அறிந்தவனும் அதன் மயக்கத்திற்கு ஆளாதல் கூடும். மாடலன் என்னும் மறையோன் எடுத்துரைத்த பின்னரே சினந்தணிந்து சிறைப்பட்டோரை விடுவிக்கின்றான். எடுத்துரைப்பவன் ஒருவனும் அவனுக்குச் செவிசாய்க்கும் மன்னனும் இருக்கும்வரையே அரசு முறைமையாய் நிற்கும் என்பது இதனாற் பெறப்படும்.

ஈழத்தின் கீழ்ப்பாகத்தில், மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசித் திங்களிற் பாடப்பெறும் காவியத்திற்குக் கண்ணகி வழக்குரை என்று பெயர். மதுரையை எரித்த தீயின் பெயரை மக்கள் அதற்கு இட்டாரல்லர். அவையில் நின்று ஒரு பெண் கேட்ட கேள்வியின் பெயரையே இட்டனர். ஆற்றலை எதிர்த்தெழும் தீயினும், ஆற்றலை விடைசொல்ல வைக்கும் வினாவே பெரிது என்பதனை ஏட்டுக் கல்வி இல்லாதோரும் உணர்ந்திருந்தனர் போலும். வினவுவோர்க்கு வாயில் திறந்திருத்தலும், வினாவப்பட்டோன் உண்மையை மறையாது எடுத்து வைத்தலும், பழியைப் பிறர்மேற் சாற்றாது ஏற்றலும் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் ஆற்றல் முறைமையாகின்றது, அதுவே அதிகாரம். இவை நீங்கிய இடத்தில் எஞ்சுவது களிமகன் கை வாளேயாம்.